வளர்ப்பு மீன்களுக்கான சிறப்புத் தீவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் வளர்ப்போரிடமும் அத்தொழிலில் புதிதாக இறங்க எண்ணுவோரிடமும் பேசும்போதெல்லாம், தீவனத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே ஐயங்களையே திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

சிறப்புத் தீவனம் என்று எதைச் சொல்கிறார்கள்? பிண்ணாக்கும் தவிடும் போட்டு வளர்த்த காலத்தில் மீன் வளரவில்லையா?

வளர்ந்தது, இன்றும் வளர்கிறது. ஆனால் அந்தக் குளத்து மீன் பிண்ணாக்கையும் தவிட்டையும் மட்டும் தின்று வளரவில்லை. நீரில் தானாக விளைந்த மிதவை உயிரிகளும் பாசியும் புழு பூச்சிகளும் அதற்குத் தேவையான, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் கொடுத்தன. நாம் போட்டது அவற்றுக்குத் துணையாக நின்றது. ஒரே பரப்பில் விடும் மீன்களின் எண்ணிக்கை கூடக்கூட, ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கும் இயற்கை உணவின் பங்கு சுருங்குகிறது. கூண்டிலும் சிமென்ட் தொட்டியிலும் அது ஏறக்குறைய இல்லாமலே போகிறது. அந்நிலையில், மூட்டையில் இல்லாத சத்து மீனின் உடலிலும் இராது.

ஆகவே அடர்த்தியாக வளர்க்கும் இடத்தில் முதலில் தேவைப்படுவது எல்லாச் சத்தும் அடங்கிய முழுமைத் தீவனம். அதையே ஓர் இனத்துக்கோ, வயதுக்கோ, நோக்கத்துக்கோ பொருந்துமாறு மாற்றி அமைத்தால் அது சிறப்புத் தீவனம் ஆகிறது. குஞ்சுத் தீவனம், சினைமீன் தீவனம், அறுவடைக்கு முன் கொடுக்கும் முடிப்புத் தீவனம், எதிர்ப்பாற்றலுக்கு உதவும் பொருள்கள் சேர்த்த தீவனம் ஆகியவை இவ்வகையில் அடங்கும்.

கோழித் தீவனத்தில் இருபது சதவீதப் புரதம் போதுமாக இருக்கும்போது மீனுக்கு மட்டும் ஏன் நாற்பது?

மீன் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள ஆற்றலைச் செலவிடுவதில்லை. நீர் தாங்குவதால் உடலைத் தூக்கி நிற்கவும் வேண்டியதில்லை. புரதம் எரிந்து மிஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே எளிதாக வெளியேற்றிவிடுகிறது. இதனால் அதன் மொத்த ஆற்றல் தேவை குறைவு. ஒரு கிலோ எடை கூடுவதற்குத் தேவையான புரதம் கோழிக்கும் மீனுக்கும் அவ்வளவாக வேறுபடுவதில்லை என்றாலும், மற்றப் பங்கு சிறுத்திருப்பதால் தீவனத்தில் புரதத்தின் விகிதம் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் நாற்பது என்பது எல்லா மீனுக்கும் பொருந்தாது. சால்மன், டிரவுட், கொடுவா போன்ற ஊனுண்ணிகளுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதமும், கெண்டை, திலேப்பியா போன்ற அனைத்துண்ணிகளுக்கு ஏறத்தாழ 25 முதல் 35 சதவீதமும் வேண்டியிருக்கும். எந்த இனத்திலும் குஞ்சுக்குத் தேவை கூடுதல், வளர்ந்த மீனுக்குக் குறைவு. தேவைக்கு மேல் கொடுத்த புரதம் சதையாக மாறாமல் எரிக்கப்பட்டு அமோனியாவாக நீரில் சேர்கிறது. விலை உயர்ந்த சத்து இவ்வாறு நீரைக் கெடுக்கும் நஞ்சாவதைப் பல குளங்களில் காண முடிகிறது.

இரண்டு மூட்டையிலும் புரதம் 32 சதவீதம் என்றே அச்சிட்டிருக்கிறது. ஒன்றில் மட்டும் மீன் வளர்வது ஏன்?

மூட்டையில் உள்ள எண் கச்சாப் புரத அளவு. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி அதைக் கணக்கிடுகிறார்கள். அந்த நைட்ரஜன் செரிக்கும் புரதத்திலிருந்து வந்ததா, செரிக்காத இறகுத் தூளிலிருந்து வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. 2007-இல் செல்லப்பிராணி உணவில் மெலமைன் கலந்த கோதுமைப் புரதம் கண்டுபிடிக்கப்பட்டபோது அம்பலமானதும் இதே ஓட்டைதான்: மெலமைனில் நைட்ரஜன் மிகுதி, புரதம் சிறிதும் இல்லை.

மீனுக்கு உண்மையில் தேவைப்படுபவை அமினோ அமிலங்கள். அவற்றுள் பத்தை அது தானே உருவாக்கிக்கொள்ள முடியாது. பத்தில் எது மிகக் குறைவோ அதுவே வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கும். மற்ற ஒன்பதும் தாராளமாக இருந்தும் பயனில்லை. சோயாவில் மெத்தியோனினும், மக்காச்சோளப் புரதத்தில் லைசினும் முதலில் தட்டுப்படும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் சான்று அட்லாண்டிக் சால்மனின் கண்புரை. மாடுகளின் மூளை நோய் குறித்த அச்சத்தால் 1990-களில் ஐரோப்பியத் தீவனங்களிலிருந்து பாலூட்டிகளின் இரத்தத் தூள் நீக்கப்பட்டது. அதன் பிறகு சால்மன் பண்ணைகளில் கண்புரை பெருகியது. ஆராய்ந்தபோது, இரத்தத் தூளில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருந்ததும், அது குறைந்ததால் கண்வில்லை பாதிக்கப்பட்டதும் தெரியவந்தன. மீனின் எடை சரியாகக் கூடும் அளவுக்கு ஹிஸ்டிடின் இருந்தது. கண்ணைக் காக்கும் அளவுக்கு இல்லை. வளர்ச்சிக்கான தேவையும் நலத்துக்கான தேவையும் ஒரே எண் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

தீவன மாற்று விகிதம் குறைந்தால் அது நல்ல தீவனம் என்று முடிவு கட்டலாமா?

போட்ட தீவனத்தின் எடையைக் கூடிய மீன் எடையால் வகுத்தால் வருவது தீவன மாற்று விகிதம். நன்கு பராமரிக்கும் சால்மன் பண்ணைகளில் அது 1.2 அளவில் இருக்கும். கெண்டைக்கும் திலேப்பியாவுக்கும் பெரும்பாலும் 1.5 முதல் 2 வரை வரும். சிறு குஞ்சுகளில் அது ஒன்றுக்குக் கீழே வந்தாலும் வியக்க வேண்டியதில்லை. தீவனத்தில் ஈரம் பத்து சதவீதம் அளவே. மீனின் உடலிலோ நான்கில் மூன்று பங்கு நீர்.

இந்த எண்ணைப் பார்க்கும்போது இரண்டைக் கேளுங்கள். இறந்த மீன்கள் கணக்கில் எப்படிச் சேர்க்கப்பட்டன? கூடிய எடை சதையா, வயிற்றுக் கொழுப்பா? கொழுப்பு மிகுந்த தீவனத்தால் விகிதம் அழகாக இறங்கும். ஆனால் அறுத்துச் சுத்தம் செய்த பின் கிடைக்கும் சதை அந்த அளவுக்குக் கூடியிராது.

எடை நன்றாக ஏறுகிறது. மீன் நலமாக இருக்கிறது என்றுதானே பொருள்?

அப்படிச் சொல்ல முடியாது. மேலே கண்ட கண்புரையே போதிய சான்று. எடைத் தராசு நமக்குச் சொல்வது நேற்றுவரை நடந்ததை. ஈரலும் கண்ணும் எலும்பும் சொல்வது நாளை நடக்கப்போவதை. மாவுச்சத்து மிகுந்த தீவனத்தில் ஊனுண்ணி மீன் சில காலம் வளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே ஈரல் வெளுத்துப் பெருத்திருக்கும். அத்தகைய மீன் வலைபோட்டுப் பிடிக்கும் நாளிலோ, நீரில் ஆக்சிஜன் குறையும் இரவிலோ, மற்றவை தாங்கும் துன்பத்தைத் தாங்காமல் இறக்கும்.

ஒவ்வொரு முறை மாதிரி எடை பார்க்கும்போதும் நான்கைந்து மீன்களை அறுத்துப் பாருங்கள். ஈரல் செம்பழுப்பாக, உறுதியாக இருக்கிறதா, மஞ்சளித்து எண்ணெய்ப் பசையோடு இருக்கிறதா? குடலைச் சுற்றிக் கொழுப்பு எவ்வளவு? கண்வில்லை தெளிவாக இருக்கிறதா? செவுள் மூடி முழுமையாக மூடுகிறதா? இவற்றை எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள அறிவுரைகளுள் ஒன்றை மட்டும் பின்பற்ற உங்களால் முடியுமானால், இதைப் பின்பற்றுங்கள்.

குஞ்சுகளில் பலவற்றுக்கு முதுகு வளைந்திருக்கிறது. எந்தச் சத்துக் குறைவு?

பெரும்பாலான எலும்பு மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உருவாக்க முடியாது. அது குறைந்தால் எலும்பின் அடிப்படையான கொலாஜன் சரியாக உருவாகாமல் முதுகெலும்பு பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ வளையும். கெளுத்தி வளர்ப்பில் இது முதுகு முறிவு என்றே பெயர் பெற்றிருந்தது. சாதாரண அஸ்கார்பிக் அமிலம் தீவனம் தயாரிக்கும் சூட்டிலும் சேமிப்பிலும் பெருமளவு அழிந்துவிடும் என்பதால், இப்போது பாஸ்பேட்டுடன் பிணைத்த நிலையான வடிவத்தைச் சேர்க்கிறார்கள். டிரிப்டோஃபேன் குறைவும் டிரவுட்டில் முதுகை வளைக்கும்.

அடுத்த ஐயத்துக்குரியது பாஸ்பரஸ். தாவரப் பொருள்களில் அதன் பெரும்பங்கு பைட்டேட்டாகப் பிணைந்திருக்கிறது. அதைப் பிரிக்கும் பைட்டேஸ் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லை. அந்த நொதியைத் தீவனத்தில் சேர்க்கலாம்; ஆனால் தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டில் அது அழிந்துவிடும் என்பதால், ஆறிய பின் மேலே தெளிப்பதே வழக்கம். கெண்டைக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை இல்லை. ஆகவே மீன்தூளிலுள்ள எலும்புப் பாஸ்பரஸைக்கூட அது முழுமையாகப் பயன்படுத்த முடிவதில்லை. தீவனத்தில் பாஸ்பரஸ் இருப்பதும் மீனுக்குக் கிடைப்பதும் வெவ்வேறு.

ஆனால் வளைவு எல்லாமே தீவனத்தால் வருவதல்ல. முட்டை பொரிக்கும் காலத்தில் வெப்பம் மிகுந்தாலும், நீந்துபை சரியாக நிரம்பாவிட்டாலும், சில ஒட்டுண்ணிகள் தாக்கினாலும் முதுகு வளையும். குறைபாடு எந்த வயதில் தொடங்கியது என்று கண்டறிந்த பிறகே தீவனத்தைக் குற்றம் சொல்ல வேண்டும்.

வைட்டமின் தூளை நானே வாங்கித் தீவனத்தின் மேல் தூவினால் போதாதா?

வெறுமனே தூவிய தூளின் பெரும்பகுதி, மீன் வாய் வைப்பதற்குள் நீரில் கரைந்துவிடும். எண்ணெயோ பிசினோ கொண்டு பூசி உலர்த்தினால் ஓரளவு நிற்கும். ஏ, டி போன்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் தேங்குவதால், அளவு மீறினால் அவையும் தீங்கு செய்யும்.

எந்த வைட்டமின் மீனுக்குத் தேவை என்பதே பொறுமையான உழைப்பால் கிடைத்த அறிவு. 1950-களில் அமெரிக்காவில் ஜான் ஹால்வர் என்னும் மீன் சத்து ஆய்வாளர், தூய பொருள்களால் மட்டும் ஆன சோதனைத் தீவனத்தை உருவாக்கி, ஒவ்வொரு வைட்டமினாக நீக்கி, சால்மன் குஞ்சுகளில் என்ன நேர்கிறது என்று பார்த்தார். இன்றைய வைட்டமின் கலவைகள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் மேல் நம் ஊகத்தை ஏற்றிப் போடுவதைவிட, நல்ல கலவையை அது கெடாத காலத்துக்குள் பயன்படுத்துவதே மேல்.

தீவன மூட்டை மழைக்காலம் முழுவதும் கிடங்கில் இருந்தது. நிறம் மாறவில்லை, பூஞ்சையும் தெரியவில்லை. போடலாமா?

நான் போடமாட்டேன். கண்ணுக்குத் தெரியாத இரண்டு கேடுகள் அதில் இருக்கக்கூடும். ஒன்று, எண்ணெய் காறிப்போவது. மீன் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் மிக எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைபவை. ஜப்பானில் எண்ணெய் காறிய பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுச் சதை கரைந்து எலும்பு துருத்தி நின்றது. செகோகே என்று அழைக்கப்பட்ட அந்த நோய், வைட்டமின் ஈ கொடுத்தபோது தடுக்கப்பட்டது. காறல் வாடை வரும் தீவனத்தில் வைட்டமின் ஈ ஏற்கெனவே தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மற்றொன்று அஃப்ளடாக்சின். 1960-ஐ ஒட்டி அமெரிக்கக் குஞ்சுப் பண்ணைகளில் வானவில் டிரவுட் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் கூட்டங்கூட்டமாக வந்தது. தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சே காரணம் என்று பின்னர் உறுதியானது. பூஞ்சை செத்து மறைந்த பிறகும் அதன் நஞ்சு தங்கியிருக்கும். வேகவைத்தாலும் முற்றிலும் போகாது. ஆகவே வெயிலில் காயவைத்துப் போடுவதால் ஈரம்தான் போகும், நஞ்சு போகாது. எல்லா இனமும் டிரவுட்டைப் போல மென்மையானவை அல்ல. கெளுத்தி ஓரளவு தாங்கும். அந்தத் தாங்குதிறனை நம்பிச் சேமிப்பில் அலட்சியம் காட்டக் கூடாது.

பச்சை மீனும் கழிவு இறைச்சியும் போட்டால் குருணையைவிட வேகமாகத் தின்கின்றனவே, அதுதானே இயற்கை?

ஆவலாகத் தின்பது உண்மை. ஆனால் பல மீன்களின் பச்சை உடலில் தயமினேஸ் என்னும் நொதி உண்டு. அது தயமின் என்னும் வைட்டமின் பி1-ஐச் சிதைப்பதால், தொடர்ந்து தின்னும் மீன் சமநிலை இழந்து நீந்தத் தொடங்கும். வேகவைத்தால் அந்த நொதி அழியும். நோய்க்கிருமிகள் பச்சை மீன் வழியே நேராகப் பண்ணைக்குள் நுழைவது அதைவிடப் பெரிய கவலை.

இறைச்சியை மட்டும் நம்பியதற்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நறுக்கிய ஈரல் தின்று வளர்ந்த டிரவுட் மீன்களின் தொண்டையில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றே பலரும் கருதினர். அமெரிக்க மருத்துவர் டேவிட் மரைன் அது அயோடின் குறைவால் வரும் கழலை என்று காட்டினார். அயோடின் கொடுத்ததும் அது வற்றியது.

மீன்தூளே சேர்க்காமல் மீன் வளர்க்க முடியுமா?

பல இனங்களில் முடியும். மீனுக்கு மீன்தூள் தேவையில்லை. மீன்தூளில் இருக்கும் சத்துகளே தேவை. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-இல் ஏறத்தாழ 90 சதவீதம் கடல்சார் பொருள்களாக இருந்தது. 2013-இல் அது ஏறத்தாழ 30 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கடலில் பிடிக்கும் சிறுமீன்களின் அளவுக்கு ஓர் எல்லை இருப்பதால், வளர்ப்புத் தொழில் இந்த வழியில் செல்லாமல் வேறு போக்கில்லை என்பது என் கருத்து.

ஆனால் மாற்றும்போது உடன் போய்விடுபவற்றைக் கணக்கிட வேண்டும். அமினோ அமிலத்தை ஒத்த டாரின் என்னும் பொருள் தாவரங்களில் ஏறக்குறைய இல்லை. தாவரப் புரதத்தை மட்டும் நம்பிய மஞ்சள்வால் மீனிலும் சிவப்புக் கடல் பிரீம் (red sea bream) மீனிலும் ஈரல் பச்சையாக மாறிய குறைபாடு டாரின் சேர்த்ததும் நீங்கியது. பைட்டேட் பாஸ்பரஸை மட்டுமன்றி துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும். துத்தநாகக் குறைவும் கண்புரை தரும். பருத்திக்கொட்டையில் காசிப்பால், கடுகு வகைகளில் தைராய்டைத் தடுக்கும் பொருள்கள், பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்று ஒவ்வொன்றிலும் ஒரு தடை உண்டு. பூச்சிப் புரதம் இப்போது நம்பிக்கை தரும் மாற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அதை மீன் தீவனத்தில் அனுமதித்தது. அதிலும் பூச்சிகளின் மேலோட்டில் உள்ள கைட்டினின் செரிமானம் இனத்துக்கு இனம் மாறும்.

சோயா சால்மனின் குடலைக் கெடுக்கும் என்கிறார்கள். என் கெண்டைக்கும் அதே ஆபத்தா?

எண்ணெய் எடுத்த சாதாரண சோயா பிண்ணாக்கு, சால்மனின் பின்குடலில் அழற்சியை உண்டாக்குகிறது. மடிப்புகள் குட்டையாகி உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. இதற்கு முதன்மைக் காரணம் சோயாவில் இயற்கையாக உள்ள சபோனின்கள் என்னும் பொருள்கள். அவை சூட்டில் அழிவதில்லை. அவற்றை ஆல்கஹாலில் கரைத்து நீக்கிய சோயா புரத அடர்வு அதே மீனுக்கு இந்தத் தொல்லையைத் தருவதில்லை. தீவனத்தை மாற்றினால் சில வாரங்களில் குடல் பழைய நிலைக்குத் திரும்பும். கெண்டையிலும் அழற்சி தோன்றுவதுண்டு. ஆனால் அதே தீவனம் தொடர்ந்தாலும் அது தானே தணியத் தொடங்குகிறது. ஓர் இனத்தில் கண்ட கேட்டை இன்னோர் இனத்தின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது.

மீன் எண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால், மீனைத் தின்பவருக்கு ஒமேகா-3 கிடைக்குமா?

குறையும். மீனின் சதைக் கொழுப்பு அது தின்ற கொழுப்பைப் பெரிதும் ஒத்திருக்கும். ஸ்காட்லாந்தின் வளர்ப்பு சால்மனில் இபிஏ, டிஎச்ஏ ஆகிய ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களின் அளவு 2006-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அறுவடைக்கு முந்தைய சில வாரங்கள் மீன் எண்ணெய் மிகுந்த முடிப்புத் தீவனம் கொடுத்தால் பெருமளவு மீட்கலாம். நுண்பாசி எண்ணெயும் அந்த இடத்தை நிரப்புகிறது.

மீனுக்கும் இது பொருட்டாகும். நன்னீர் மீன்கள் பலவும் தாவர எண்ணெயின் குறுகிய கொழுப்பு அமிலத்தை ஓரளவு நீட்டி இபிஏ, டிஎச்ஏ ஆக்கிக்கொள்ளும். கடல் மீன்கள் பெரும்பாலும் அதைச் செய்ய இயலாதவை. ஆகவே திலேப்பியாவுக்குத் தாவர எண்ணெய் போதுமாக இருக்கும், கொடுவாவுக்குப் போதாது.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு நேரடியாகத் தூள் தீவனம் தரலாமா?

சால்மன், டிரவுட் குஞ்சுகள் பெரிய மஞ்சட்கருப் பையோடு பிறப்பதால் தரலாம். கடல் மீன்களின் இளங்குஞ்சுகள் பலவற்றுக்கு அப்போது வேலை செய்யும் இரைப்பையே இல்லை. அசையும் இரையைத்தான் கவ்வும். அவற்றுக்கு முதலில் ரொட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியும் பின்பு ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலும் உயிருடன் கொடுக்கிறார்கள். ஆர்ட்டீமியாவில் டிஎச்ஏ ஏறக்குறைய இல்லாததால், கொடுப்பதற்கு முன் அதற்கே சத்துக் குழம்பு ஊட்ட வேண்டும். இப்படி ஊட்டத் தவறினால், தட்டை மீன் குஞ்சுகளில் நிறமிக் கோளாறு தோன்றி வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

நோய் எதிர்ப்புத் தீவனம், புரோபயாடிக் தீவனம் என்று விற்கிறார்கள். அவை நோயைத் தடுக்குமா?

ஈஸ்ட் செல்சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான், நியூக்ளியோடைடுகள், பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் ஆகியவை எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்கோ குடலைச் சீராக்குவதற்கோ உதவுவது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் பயன் மிதமானது. இனம், அளவு, காலம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவது. இடம் மாற்றுதல், தடுப்பூசி, பருவ மாற்றம் போன்ற அழுத்தத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகத் தொடங்குவதில் பொருளிருக்கிறது. ஆண்டு முழுவதும் இடைவிடாமல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எவையும் தடுப்பூசிக்கு மாற்றல்ல.

நோய் வந்த பிறகு இவற்றைத் தேடுவது வீண், ஏனெனில் நோயுற்ற மீன் முதலில் விடுவது தீனியைத்தான். மருந்து கலந்த தீவனத்துக்கும் இது பொருந்தும்: நலமான மீன் மருந்தைத் தின்னும், நோயுற்றது தின்னாது. நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்தை வளர்ச்சிக்காகவும் முன்காப்பாகவும் கலப்பது எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களை வளர்க்கும். அதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைப்பதில்லை.

ஒரே இனம், ஒரே தீவனம், ஒரே நீர். ஒரு தொகுதிக் குஞ்சுகளுக்கு மட்டும் குறை வருவது எப்படி?

மரபு வேறுபாட்டைப் பாருங்கள். இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட மும்மடிய சால்மனுக்குச் சாதாரண சால்மனைவிடப் பாஸ்பரஸும் ஹிஸ்டிடினும் கூடுதலாக வேண்டும். பழைய அளவிலேயே கொடுத்தால் மேலே சொன்ன எலும்புக் குறையும் கண்புரையும் அவற்றில் மட்டும் தோன்றும். வேகமாக வளருமாறு தெரிந்தெடுத்த பரம்பரைகளிலும் எலும்பு சதையோடு ஈடுகொடுத்து வளர்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

விலை உயர்ந்த தீவனத்துக்கு மாறினேன். இரண்டு மாதமாகியும் வேறுபாடு இல்லை. தீவனம் சரியில்லையா?

இருக்கலாம், ஆனால் முதலில் நீரைப் பாருங்கள். வெப்பநிலை குறைந்தால் மீனின் செரிமானமும் பசியும் குறையும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் விடியற்காலையில் வெப்பநீர் மீன்களும் சரியாகத் தின்னா. சால்மனும் டிரவுட்டும் 6-க்குக் கீழேயே தயங்கத் தொடங்கும். தின்ற பிறகு மீனின் ஆக்சிஜன் தேவை கூடுவதால், அந்த வேளையில் போடும் தீவனம் நிலைமையை மேலும் மோசமாக்கும். மீனுக்கு உண்மையில் எது தடையாக இருந்ததோ, அதைத் தீவனம் நீக்கினால் மட்டுமே வளர்ச்சி மாறும். லைசின் முன்பே போதுமாக இருந்த குளத்தில் கூடுதல் லைசின் எதையும் செய்யாது.

அடுத்தது ஒப்பீடு. சென்ற ஆண்டின் பழைய தீவனத்தையும் இந்த ஆண்டின் புதிய தீவனத்தையும் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ஆண்டுகளை. ஒரே நாளில், ஒரே தொகுதிக் குஞ்சுகளை, ஒரே அடர்த்தியில், தீவனத்துக்கு மூன்று குளங்கள் அல்லது மூன்று கூண்டுகள் வீதம் விடுங்கள். எந்தக் குளத்துக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். எடை குறைந்தது இருமடங்காவது ஆகும்வரை காத்திருந்து, எடை, இறப்பு, தின்ற அளவு, மேலே சொன்ன ஈரல், கண், எலும்புக் குறிப்புகள் ஆகியவற்றை இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒரே தீவனம் தின்ற மூன்று குளங்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு, இரு தீவனங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், கூடுதல் விலை கொடுக்க இன்னும் காரணம் கிடைக்கவில்லை.